எந்த மலைக்கு?

பறித்த கொழுந்து உடனே சாவதில்லை. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, கைதான் சொன்னது. எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கிற கட்டடத்தில், கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் வேலை செய்தவன் நான். மலையிலிருந்து சாக்குச் சாக்காக வரும் கொழுந்தைத் தாமதிக்காமல் உதறி, சணல் துணி கட்டிய தட்டுகளில் பரப்ப வேண்டும். குவியலாக விட்டுவிட்டால் அது சூடேறிவிடும். சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தால் காய்ச்சல்காரனின் கழுத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். செடியை விட்டு வந்த பிறகும் அது வேர்க்கிறது, மூச்சு விடுகிறது. பரப்பி வைத்தால் அடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வாடுகிறது. அப்படியானால் உயிர் இருந்தது செடியிலா, இலையிலா? கிள்ளின இடத்தில் அது இரண்டாகப் பிரிந்ததா? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்பேன். மாடிக்குப் பொறுப்பானவர் கீழேயிருந்து சத்தம் போடுவார். பிறகு உதறுவேன்.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடம் என்பது நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா. வாத்தியார் ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்தவர் வந்து சேர்வதற்குள் நான் பேர் பதிந்து வேலைக்காரனாகிவிட்டேன். எழுத்துக்கூட்டிப் படிப்பதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டேன். அதனால் பெரிய சொற்கள் எனக்கு வராது. உடம்பு, மனசு, சாமி, மலை என்று கையில் இருக்கிற நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டு, நடந்ததையும் நான் நினைத்ததையும் சொல்லப் பார்க்கிறேன்.

கவலை எனக்குக் கூடப்பிறந்தது. மழை பெய்யாவிட்டால் கொழுந்து வராதே என்று இருக்கும். பெய்தால் மண் சரியுமே என்று இருக்கும். ஒரு நாள் மாடியில் நிற்கும்போது, மூச்சு தானாக வருகிறதா, நான் இழுப்பதால் வருகிறதா என்று யோசித்துவிட்டேன். யோசித்ததும் அது தானாக வருவதை நிறுத்திவிட்டது போல ஆயிற்று. அன்று பூராவும் ஒவ்வொரு மூச்சையும் நானே இழுத்து நானே விட்டேன். மறந்தால் செத்துப்போவேன் என்ற பயம். சாயங்காலம் மச்சான் வந்து ஏதோ கேலி பேசினான், சிரித்தேன், சிரித்ததில் மறந்துபோனேன். மறந்ததும் மூச்சு பழையபடி தன் பாட்டுக்கு நடந்தது. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டாள்.

"ராத்திரி தூங்குறப்ப யாரு இழுத்து யாரு விடுறாங்களாம்?"

கேட்டுவிட்டு அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினாள்.

அவள் கொழுந்து எடுப்பவள். பேச்சு குறைவு, கை வேகம். சாமி பக்தி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருஷம் முழுக்க எங்கள் கோயில் ஆத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் தோட்டத்துத் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் ஏறினால் முதலில் அவள் மேல்தான் சாமி வரும். கொண்டை அவிழும், பார்வை எங்கோ போகும். எங்களை வேலை வாங்குகிற கங்காணியைப் பேர் சொல்லித் திட்டுவாள். இரண்டு லயத்துக்கு நடுவில் உள்ள தண்ணீர்ச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்வாள். என்னைப் பார்த்து, "டேய், ஏன்டா பயந்து சாகுற?" என்பாள். தாலி கட்டியவன் அதைக் கேட்டுக்கொண்டு கும்பிட்டபடி நிற்க வேண்டும்.

மச்சான், அவளுடைய அண்ணன், என் காதில் சொல்வான்: "வருஷத்துல ஒரு நாளுதான் உண்மை பேசுறா மாப்பிள்ளை. நல்லாக் கேட்டுக்க."

கடைசியில் சாமி, "நான் மலைக்குப் போறேன்" என்று சொல்லும். பூசாரி கற்பூரம் காட்டுவார். அவள் கீழே சாய்வாள். முகத்தில் தண்ணீர் தெளித்த கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என் சீலையெல்லாம் ஏன் ஈரமா இருக்கு?" என்று அலுத்துக்கொள்வாள். அவ்வளவுதான், வீட்டுக்குப் போய் உலை வைப்பாள்.

நம் ஆட்கள் சாமி போய்விட்டது என்று சொல்வதில்லை, மலையேறிவிட்டது என்றுதான் சொல்வார்கள். விளக்கு அணைந்தாலும் அதே பேச்சுத்தான். வேலைக்குப் போவதையும் நாங்கள் மலைக்குப் போவதென்றுதான் சொல்கிறோம். தேயிலை நட்ட சரிவு ஒவ்வொன்றும் எங்களுக்கு ஒரு மலை. மூன்றாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை என்று கணக்கப்பிள்ளை போட்ட நம்பர்தான் அதற்குப் பேர். காலையில் நாங்கள் மலைக்குப் போகிறோம். திருவிழா முடிந்தால் ஆத்தாவும் மலைக்குப் போகிறாள். இரண்டும் ஒரே சொல் என்பது அந்த வருஷம் வரை யாருக்கும் உறைத்ததில்லை.

அந்த வருஷம் தெமோதரைப் பக்கம் ரயில் பாதைக்காகப் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். காற்று இந்தப் பக்கம் அடித்தால் எங்கள் காம்பராவின் தகரம்கூட அதிர்கிற மாதிரி இருக்கும். மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து போயிருந்தது. காய்ச்சல் போனபிறகும் உடம்பு தேறவில்லை. ஆனால் ஒரு நாளும் பேர் விழாமல், அதாவது அன்றைய கூலி கணக்கில் ஏறாமல், போய்விடக் கூடாதென்று நிற்காமல் வேலைக்குப் போய்வந்தாள். பேச்சு இன்னும் குறைந்தது. நான் கேட்டால், "ஒண்ணுமில்லங்க, அசதி" என்பாள்.

திருவிழா அன்று பொழுது சாய்கிற நேரத்தில் தப்புச் சத்தம் ஏறியது. வழக்கம்போல அவளுக்குச் சாமி வந்தது. ஆனால் அது பேசவில்லை. கொண்டை அவிழ்ந்த தலையோடு, அசையாமல், யாரையும் பார்க்காமல் நின்றது. பூசாரி என்னென்னவோ கேட்டுப் பார்த்தார். திருநீறு பூசினார், வேப்பிலையால் தடவினார். அவள் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். சாயவும் இல்லை, எழவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு நானும் மச்சானும் கைத்தாங்கலாகக் காம்பராவுக்குக் கூட்டி வந்தோம்.

பூசாரியும் எங்களோடு வேலை செய்கிறவர்தான், தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்களில் ஒருவர். அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"சாமி இன்னும் மலையேறல. மலைக்குப் போறேன்னு அது வாயால ஒரு வார்த்தை வரணும். வந்ததும் கற்பூரத்தக் கொளுத்துங்க. அதுவரைக்கும் வாசலத் தாண்ட விடாதீங்க. சாமி நிக்கிற உடம்பு வெளிய போனா எங்க கொண்டுபோய்ப் போடுமோ, யாருக்குத் தெரியும்."

மறுநாள் விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தார்கள். பெரட்டு என்பது ஆட்களைக் கூட்டி எந்த மலைக்கு யார் என்று பிரித்து விடுகிற இடம். திருவிழாவில் அடித்த அதே தப்பு, அடித்தவரும் அதே ஆள். சத்தம் கேட்டதும் அவள் எழுந்து நின்றாள்.

"நான் மலைக்குப் போறேன்" என்றாள்.

எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! தப்புச் சத்தத்துக்குச் சாமி வாய் திறந்துவிட்டது என்று மச்சானின் மனைவி ஓடிப்போய்ப் பூசாரியைக் கூட்டிவந்தாள். மச்சானின் மனைவி வேறு யாருமில்லை, என் தங்கைதான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம் எங்களுடையது. கற்பூரம் கொளுத்தினோம், தேங்காய் உடைத்தோம், கும்பிட்டோம். அவள் வாசல் பக்கம் நகர்ந்தாள். இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அவள் கற்பூரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், திரும்பப் போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். சாயவில்லை. சீலை ஈரம் என்று அலுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாளும் அப்படித்தான். தப்பு அடித்தது, எழுந்தாள், "நான் மலைக்குப் போறேன்" என்றாள், கற்பூரம், தேங்காய், கும்பிடு. அவள் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும் அதே.

பூசாரிக்கு முகம் வாடிவிட்டது. "வாக்குக் குடுக்குது, ஏற மாட்டேங்குது. தெமோதரையில வெடி வச்சு மலையைக் குடையிறானுங்க இல்ல? சாமி போற வழி அடஞ்சு போச்சு" என்றார்.

"இல்ல பூசாரி" என்றான் மச்சான். "ரயிலு வரட்டும், ஏறிப் போயிக்கலாம்னு ஆத்தா காத்துக்கிட்டு இருக்கா."

"நாக்கு அழுகிப் போயிரும்டா உனக்கு."

"அழுகட்டும். நாலு நாளா எந்தங்கச்சி ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கல. அதுக்கு ஒரு வழி சொல்லு."

அது உண்மை. கஞ்சியை வாயில் வைத்தால் இரண்டு மடக்கு குடிப்பாள். பிறகு உதட்டை மூடிக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிப் பார்ப்பேன். கண் திறந்திருக்கும், அதில் நான் தெரிவேன், ஆனால் அவள் என்னைப் பார்க்கிறாளா என்று தெரியாது. வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். ஆத்தா முத்திரை காட்டுகிறாள் என்றார் பூசாரி. கொழுந்தோடு பிழைக்கிற எனக்கும் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். லயத்துக்கே வந்து பார்த்தார். நாடி பிடித்தார், கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"உடம்பில ரத்தம் காணாது" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. "காணாதுங்களா? நேத்து வரைக்கும் இருந்துச்சே, எங்கங்க போச்சு?"

அவர் என் தோளைத் தட்டினார். "காணாதெண்டால் போதாது எண்டு அர்த்தமப்பா. கொஞ்சம் குறைவு. நீ முதல்ல மூச்சை விடு."

கசப்பு மருந்து ஒரு போத்தலில் கொடுத்தார். போகும்போது என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். இப்படியே சாப்பிடாமல் இருந்தால் தோட்டத்துத் துரைக்கு எழுத வேண்டிவரும், பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கேயும் பேசாமல் இருந்தால் கொழும்புக்கு, மனசு சரியில்லாதவர்களை வைக்கிற இடத்துக்கு. அவர் மிரட்டவில்லை, இரக்கப்பட்டுத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார். கொழும்புக்கு அப்படிப் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். திரும்பி வந்தவர் யாரையும் தெரியாது.

கங்காணியும் வந்தார். வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "என்னப்பா, ஆத்தா ஏறியாச்சா? நான் அவள வேலைக்கு எடுக்க முடியாது, சொல்லிட்டேன். சாமி நிக்கிற உடம்ப நான் வேலை வாங்கினா எம்புள்ளகுட்டி என்னத்துக்கு ஆகும்?"

அன்றிலிருந்து எனக்கு இருந்ததெல்லாம் ஒரே பயம். இந்தப் பாயில் உட்கார்ந்திருப்பது யார்? சாமி என்றால் என் மனைவி எங்கே இருக்கிறாள்? இது வெறும் ரத்தக்குறைவு என்றால், ரத்தம் குறைந்தால் ஆள் இல்லாமல் போய்விடுமா? அப்படியானால் ஆள் என்பது ரத்தம்தானா? நான் அதுவரை மனசு என்பது உடம்புக்குள்ளே, காம்பராவுக்குள் ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது என்று நினைத்திருந்தேன். கதவைத் தட்டினால் யாராவது திறக்க வேண்டும். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே ஆள் இருக்கிறது என்பது தெரிகிறது, யார் என்பது தெரியவில்லை.

கவலைப்படுகிறவனுக்கு ஒரு கவலை போதாது. அதைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வரும். சாமி மலைக்குப் போகிறது, சரி. எந்த மலைக்கு? பூசாரியைக் கேட்டேன். அவர் யோசிக்காமல் நமுனுகுலை மலையைக் காட்டினார். மச்சானைக் கேட்டால், நம்ம சாமி இந்தியாச் சாமி, அது இங்கத்து மலைக்கு ஏன் போகுது என்றான். அதுவும் சரிதான். எங்கள் அப்பாமார் வந்தபோது ஊர்க் கோயிலில் பிடிமண் எடுத்து, துணியில் முடிந்து, கப்பலில் கொண்டுவந்து இங்கே வைத்ததுதான் எங்கள் ஆத்தா. வந்தபோது மண்ணாக வந்தாள். போகும்போது கடலை எப்படித் தாண்டுவாள்? அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருந்தது. திருச்சிப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் ஊரில் மலையே கிடையாதாம். கண்ணுக்கெட்டிய தூரம் பொட்டல் என்று அவர் சொல்லுவார். மலையில்லாத ஊரிலிருந்து வந்த சாமி எந்த மலைக்குத் திரும்பும்? எங்களைப்போல அதுவும் இங்கே வந்துதான் மலையைப் பார்த்ததா?

மற்றவர்களுக்கு இது பைத்தியக்காரக் கேள்வி. எனக்கு அது தொண்டையில் முள் மாதிரி நின்றது.

டிஸ்பென்சர் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய நாள். காலையில் தப்பு அடித்தது. அவள் எழுந்தாள். முன்பு மாதிரி நிற்க முடியவில்லை, சுவரில் கை ஊன்றிக்கொண்டாள்.

"நான் மலைக்குப் போறேன்."

பூசாரி தட்டோடு தயாராக நின்றார். தங்கை தேங்காயைக் கையில் வைத்திருந்தாள். நான் அவர்களை முந்திக்கொண்டு கேட்டுவிட்டேன். தைரியத்தில் கேட்டதில்லை, தாங்க முடியாமல் கேட்டது.

"எந்த மலைக்கு?"

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"எட்டாம் நம்பருக்கு" என்றாள். "எந்நெரைய யாரு எடுக்குறா?"

நிரை என்றால் கொழுந்து எடுக்கிற ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுக்கிற செடி வரிசை.

பூசாரியின் தட்டில் கற்பூரம் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் தனக்குள் சொல்கிற மாதிரிக் கேட்டார்: "ஆத்தா எட்டாம் நம்பருக்கு எதுக்குப் போறா?"

"பேர் விழணுமில்ல" என்றான் மச்சான். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தான். என் தங்கை தேங்காயைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் இருந்த கூடையை எடுத்துத் துடைத்தாள்.

நான் அவளைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்குப் போனேன். ஆட்கள் விலகி நின்றார்கள். கங்காணி ஓடிவந்து கையை விரித்து மறித்தார்.

"என்னப்பா இது? நான் அன்னைக்கே சொல்லலியா? சாமி ஏறாம இவளக் கொண்டாரக் கூடாதுன்னு?"

நான் யாரையும் எதிர்த்துப் பேசி அறியாதவன். அன்று பேசினேன்.

"ஏறத்தானே போகுதுங்க கங்காணி ஐயா. எட்டாம் நம்பர் மலைக்குப் போகணுங்குது. நீங்க மறிக்கிறதா இருந்தா மறிங்க. நான் ஒண்ணும் சொல்லல."

கங்காணி என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். விரித்த கையை அப்படியே குவித்துக் கும்பிட்டு ஒதுங்கினார்.

எட்டாம் நம்பர் செங்குத்தான மலை. அடியிலிருந்து உச்சி வரை கல் படிகள் உண்டு. அவ்வளவு நேரம் என் தோளில் சாய்ந்து வந்தவள், முதல் படியில் கால் வைத்ததும் என் கையை விட்டாள். கீழே பார்க்கவில்லை. எந்தக் கல் ஆடும், எந்தக் கல் வழுக்கும் என்று பாதத்துக்குத் தெரிந்திருந்தது. நான்தான் தடுக்கினேன். அவள் தன் நிரையில் போய் நின்றாள், கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்தாள், இரண்டு கையும் செடிமேல் இறங்கின. பாய் ஓரத்தில் கிள்ளிக்கொண்டிருந்த அதே விரல்கள், அதே அசைவு. இரண்டு இலையும் ஒரு குருத்தும். எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி ஆயிற்று.

முகம் மாறவில்லை. கை மட்டும் வேலை செய்தது. நான் நிரைக்கு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூட்டம் வந்து மறைத்தது, விலகியது. தெமோதரைப் பக்கத்தில் ஒரு வெடி வெடித்தது. மற்றப் பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள், அவள் நிமிரவில்லை. கூடையில் அடி மறைகிற அளவுக்குக் கொழுந்து சேர்ந்திருக்கும். அப்போது சொன்னாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செடிய மிதிக்கிறீங்க."

தள்ளி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

"ஏங்க, இன்னைக்கு ஸ்டோருக்குப் போகலியா நீங்க?"

அது என் மனைவியின் குரல். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சந்தேகம் வராத விஷயங்கள் என் வாழ்க்கையில் அதிகமில்லை.

பத்து மணித் தேயிலைத் தண்ணியை அவள் பூராவும் குடித்தாள், என் பங்கையும் சேர்த்து. டிஸ்பென்சர் ஐயா மறுநாள் வந்து, கசப்பு மருந்து வேலை செய்துவிட்டது, இன்னொரு போத்தல் குடிக்க வேண்டும் என்றார். குடித்தாள். இமையின் உள்பக்கம் சிவந்தது, நானே தினமும் இழுத்துப் பார்த்தேன். பூசாரி, எட்டாம் நம்பர் உச்சியில் நிழலுக்கு வளர்த்த சாப்ளா மரத்தடியில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டார். ஆத்தா மலையேறின இடம் அதுதானாம். துரை ஒருநாள் குதிரையில் வந்தவர் அதைப் பார்த்து, என்ன என்று கேட்டாராம். நிரைக்குக் குறுக்கே வராமல் இருந்தால் சரி என்று சொல்லிப் போய்விட்டார். மற்றத் தோட்டத்து ஆட்கள்கூட அங்கே வந்து கும்பிடுகிறார்கள். அவளும் கொழுந்து எடுக்கிற நாளில் அந்தக் கல்லைக் கடந்து போவாள். கும்பிடுவதும் உண்டு, கும்பிடாததும் உண்டு.

எனக்கு அந்தக் காம்பரா நினைப்பு மட்டும் உடைந்துபோயிற்று. மனசு உடம்புக்குள் மட்டும் இருக்கிறதென்றால், அவள் பாயில் இருக்கும்போதே எல்லாம் இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு பங்கு எட்டாம் நம்பரில் இருந்தது. அந்தப் படியில், அந்த நிரையில், இடுப்பளவுச் செடியில். தேயிலையை விட்டுவிட்டால் அது மரமாக வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது எங்கள் கத்தியும் கையும். அதே மாதிரி எங்கள் பெண்களின் கழுத்தை முன்னால் சாய்த்து வைத்திருப்பது அந்தச் செடியின் உயரமும் கூடையின் கயிறும். அதற்கு முன்னால் அங்கே காடு இருந்தது. காட்டை வெட்டினவர்களும் எங்கள் ஆட்கள்தான். நாங்கள் மலையை ஒரு மாதிரி ஆக்கினோம், மலை எங்களை ஒரு மாதிரி ஆக்கியது. எங்கே தோல் முடிந்து எங்கே மலை ஆரம்பிக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. வேலை செய்தால் மனசு தானாகச் சரியாகிவிடும் என்று துரைமார் சொல்வதுண்டு. நான் சொல்வது அது இல்லை. அந்த வேலைதான் அவள் ரத்தத்தையும் குடித்தது. மழையில் நனைந்து அட்டை கடித்துக் காய்ச்சல் வந்ததும் அதே எட்டாம் நம்பரில்தான். உடம்பைக் கெடுத்த இடமும் அவளைத் திருப்பித் தந்த இடமும் ஒன்றாக இருந்தது. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி சொல்வதா, திட்டுவதா?

அடுத்த திருவிழா நெருங்கியது. எனக்குத் தூக்கம் போயிற்று. போகாதே என்று சொல்லலாம். சொன்னால் கேட்பாளா? கேட்டாலும், தப்புச் சத்தம் லயத்துக்கு வராமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிழாவுக்குச் சீலை எடுக்க இரண்டு பேரும் பதுளைக்கு நடந்துபோனோம். வழியில் கேட்டேன். ஒரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"புள்ள, அன்னைக்கு உள்ள யாரு இருந்தா? நீயா, ஆத்தாவா?"

"ரெண்டு பேருந்தான்."

"அதெப்படி ரெண்டு பேரு?"

"ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் இருக்கிறதில்லையா? நடுவுல சாக்கத் தொங்கவிட்டுக்கிட்டு. அந்த மாதிரிதான்."

நான் உடைந்துபோயிற்று என்று நினைத்த காம்பராவை அவள் அவ்வளவு சுலபமாக எடுத்து நிறுத்தியதில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"அப்ப மலைக்குப் போறேன்னு சொன்னது யாரு?"

"தெரியலீங்க. போகணும்னு ரெண்டு பேருக்கும் இருந்துச்சு. எனக்கு எட்டாம் நம்பரு. அதுக்கு வேற எங்கயோ. நீங்க எல்லாரும் கற்பூரத்தக் கொளுத்திக்கிட்டு வாசல்ல நின்னீங்க. ரெண்டு பேருமே போக முடியல."

"அது எப்பப் போச்சு? நீ நெரையில நிக்கிறப்பவா, படி ஏறுறப்பவா?"

"நான் என்னத்தக் கண்டேன். கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச தூரம் நடந்தோம். பாதையோர வாய்க்காலில் தண்ணீர் சத்தமாக ஓடியது. என்னால் அடக்க முடியவில்லை.

"இந்த வருஷமும் வந்தா?"

"வந்தா வரட்டும். நானா கூப்பிடுறேன்?"

"வந்து, நீ திரும்பாமப் போயிட்டா? நான் என்ன பண்றது?"

அவள் நின்றாள். தலையில் இருந்த கட்டுச்சோற்றுப் பொட்டணத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓயாம எதையாவது கேட்டுக்கிட்டே இருக்கிற ஆளுதானே நீங்க. அப்பவும் கேளுங்க. சத்தமாக் கேளுங்க. காதுல விழுந்தா பதில் சொல்லாமலா இருந்துருவேன்?"

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். சரிவில் இறங்கும்போது அவள் எப்போதும் என்னைவிட வேகம். கடைத்தெரு கண்ணில் பட்ட பிறகுதான் அவளை எட்டிப் பிடித்தேன்.